பெரியண்ணனின் வெள்ளை நாடா

எங்கள் கடையில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே, ஓர் ஆணி இருக்கிறது. அதில் இன்றைக்கும் ஒரு வெள்ளை நாடா தொங்குகிறது. உள்பாவாடைக்குக் கோக்கிற சாதாரண நாடாதான். கட்டிக் கட்டி நடுப்பகுதி மட்டும் மழுங்கி, கயிறுபோல உருண்டுவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இது எதற்கு இங்கே என்று கேட்பார்கள். பெரியண்ணனுடையது என்று சொல்லுவேன். அதற்கு மேல் கேட்டால் பில் போட வேண்டும் என்று நகர்ந்துவிடுவேன்.

பெரியண்ணன் எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர். காந்தி ரோட்டில் பட்டுப் புடவை வாங்கியவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் புடவையைப் பிரித்து விரித்தால் மட்டும் வியாபாரம் ஆகாது. "கட்டினா எப்படி இருக்கும்?" என்று தரை மெத்தையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி கேட்பாள். கேட்டதும் விற்பனையாளர் எழுந்து நின்று தன்மேலேயே கட்டிக் காட்டுவார். ஆண்கள்தான் கட்டிக் காட்டுவார்கள். அதில் யாருக்கும் எந்த வெட்கமும் இருந்ததில்லை. பெரியண்ணன் ஆணியிலிருந்து நாடாவை எடுத்து வேட்டிக்கு மேல் இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். புடவையின் ஒரு முனையைச் செருகி, கொசுவத்தை விரல்களில் மடித்து நாடாவுக்குள் தள்ளி, முந்தானையை இடது தோளில் போட்டுக்கொள்வார். ஆறடி உயரம், கறுத்த உடம்பு, முறுக்கிவிட்ட மீசை. அத்தனைக்கும் மேல் மாம்பழ நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை.

யாரும் சிரித்ததில்லை என்று சொன்னால் பொய். குழந்தைகள் சிரிக்கும். "இன்னா பாப்பா, மாமாவுக்கு நல்லா இருக்குதா?" என்று அவர் கேட்டதும் கூட வந்த பெண்களும் சிரிப்பார்கள். ஆனால் கட்டி முடித்த பிறகு அவர் ஒரு காரியம் செய்வார். முகத்தில் இருந்த சிரிப்பையெல்லாம் துடைத்துவிட்டுப் பார்வையைத் தரையில் போட்டுக்கொள்வார். அந்த நொடியில் அவர் அங்கே இல்லாமல் போய்விடுவார். புடவை மட்டும் நிற்கும். பிறகு மெதுவாக ஒரே ஒரு சுற்று. முந்தானையின் ஜரிகை டியூப்லைட்டில் ஒரு தடவை பளீரென்று எரிந்து அடங்கும். உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சுற்றுக்குப் பிறகு வேறு புடவை எடுக்கச் சொன்னவர்கள் குறைவு.

நான் அந்தக் கடைக்கு பில் போடுகிற பெண்ணாக வந்தவள். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் யாரும் பட்டுக் கடைக்குள் வாங்கவும் நுழைந்ததில்லை, விற்கவும் நுழைந்ததில்லை. அம்மாவுக்குக் கழனி வேலை. என் முதல் நாளில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "அங்க வுடும்மா, யாரும் எடுத்துக்கினு போமாட்டாங்க" என்று உள்ளே கூப்பிட்டவர் பெரியண்ணன்தான். அதன்பிறகு எனக்கு அந்தக் கடையில் பயமே இருக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அந்தச் செருப்புதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் கடை மூடிக் கிடந்து, திறந்த பிறகும் கூட்டம் வரவில்லை. வேன் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு, புளிசாதப் பொட்டலத்தோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்து புடவை எடுத்துப் போன குடும்பங்கள் போனிலேயே எடுக்கப் பழகிவிட்டன. முதலாளியின் மகனை நாங்கள் சின்ன முதலாளி என்போம். அவர் வட்டமான விளக்கு ஒன்றையும் போன் மாட்டுகிற ஸ்டாண்டையும் வாங்கி வந்து நடுக்கடையில் நிறுத்தினார். தினமும் காலையில் லைவ். புடவையைக் காட்ட வேண்டும், நிறம் சொல்ல வேண்டும், பிடித்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனக்கு டைப் செய்யத் தெரியும் என்பதால் கமெண்டுகளைப் படித்துச் சொல்லுகிற வேலை என்னிடம் வந்தது. கட்டிக் காட்டுகிற வேலை பெரியண்ணனிடமே இருந்தது. அவரைவிட நன்றாகக் கட்டிக் காட்டுகிறவர் யார்?

முதல் நாள் அவர் போனைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்கம்மா, வாங்க, மெத்தைல உக்காருங்க" என்றார். சின்ன முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியண்ணனும் சேர்ந்து சிரித்தார். இரண்டொரு வாரத்தில் பழகிவிட்டது. கனடாவில் இருக்கிற ஒரு பெண்ணிடம், அங்கே இப்போது ராத்திரியா, பிள்ளை தூங்கிவிட்டதா என்று விசாரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. திரையில் பறக்கிற படங்களையும் அவர் கவனிக்க ஆரம்பித்தார். "அது இன்னாம்மா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு மூஞ்சி வந்துக்கினே இருக்குது?" என்று ஒருநாள் கேட்டார். விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் அது. அவர் முந்தானையைத் தோளில் போட்டுக்கொள்ளும் போதெல்லாம் அது குவியல் குவியலாக வரும். கூடவே வருகிற வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். மீசையைப் பற்றி, இடுப்பைப் பற்றி, ஆணா பெண்ணா என்பதைப் பற்றி.

"சிரிக்கிறாங்கண்ணா. சந்தோஷமா பாக்குறாங்க" என்றேன்.

"சிரிச்சா சரி. சிரிச்ச பொம்பள வாங்காம போமாட்டா" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்கு நல்ல கமெண்டுகளை மட்டும் படித்துச் சொன்னேன். "சூப்பர் சாரி" என்பதைச் சொல்லுவேன். "விலை என்ன" என்பதைச் சொல்லுவேன். மற்றதையெல்லாம் விரலால் மேலே தள்ளிவிடுவேன். அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் நான் காப்பாற்றியது என்னைத்தான் என்று படுகிறது. சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் லைவ் நின்றுவிடும், லைவ் நின்றால் பில் போடுகிற வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று சின்ன முதலாளி கேட்பார் என்கிற கணக்கும் எங்கோ ஒரு மூலையில் ஓடியிருக்க வேண்டும்.

யாரோ ஒருவன், எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை, அவருடைய அந்த ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுத்தான். அதை மெதுவாக ஓடவிட்டு, ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்து, அவர் பார்வையைத் தரையில் போடுகிற இடத்தில் நிறுத்தி, மீசையைப் பெரிதாக்கிக் காட்டி, பின்னால் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிற சத்தத்தையும் வைத்துவிட்டான். கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் புடவை தெரிந்தது. போனில் பார்த்தவர்களுக்கு ஒரு மீசைக்காரர் வெட்கப்படுகிற மாதிரி தெரிந்தது. அது ஊரெல்லாம் ஓடியது. எனக்கு அது முதலில் வந்தது எங்கள் சர்ச் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில். "இது உங்க கடை தானே?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் பதிலாக அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்டர் கூடியது. அதுதான் கொடுமை. சிரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வாங்கினார்கள். சின்ன முதலாளி பெரியண்ணனின் தோளைத் தட்டி, "நீங்க இப்ப ஸ்டார் ஆயிட்டீங்கண்ணா" என்றார். என்ன காரணம் என்று பெரியண்ணன் கேட்கவில்லை. இத்தனை வருஷம் செய்த வேலையை இப்போதுதான் உலகம் பார்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். புதுச் சட்டை தைத்துக்கொண்டார். மீசைக்கு மை வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். அந்த மையைப் பார்த்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

பெருமாள் கோயில் கருட சேவைக்கு வந்த கூட்டத்தோடு சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தது. கூட வந்த கல்லூரிப் பெண் அவரைப் பார்த்ததும், "நீங்கதானே அந்தப் புடவை அங்கிள்? அந்த மாதிரியே ஒருதரம் சுத்துங்களேன்" என்றாள். "அதுக்கென்னம்மா" என்று அவர் நாடாவை எடுத்துக் கட்டினார். ஒரு அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, பார்வையைத் தரையில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றினார். அவள் படம் பிடித்துக்கொண்டே அடக்கமாட்டாமல் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. அவருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டவள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடப் போறேன் அங்கிள், பாருங்க" என்று தன் போனை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். பாட்டு கேட்டது. கைகொட்டிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. முடிந்ததும் அது தானாகவே மறுபடி ஓடியது. மறுபடியும் பார்த்தார். அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, அவள் போனை இழுத்துக்கொண்டாள். பெரியண்ணன் தோளிலிருந்து முந்தானையை எடுத்தார். கொசுவத்தை உருவினார். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இத்த நீ பாத்திருக்கியாம்மா?"

"இல்லண்ணா" என்றேன்.

அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்கு அப்போது என்மேல் கோபப்பட நேரமில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி வேறு.

"எம் பொண்ணு பாத்திருக்குமா?"

அவருக்கு ஒரே மகள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். மாப்பிள்ளை பார்த்து அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். பையன் வீடு அரக்கோணம். அவர்கள் வீட்டிலும் போன் இருக்கும், எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறதே. சம்பந்தி எதிரில் நிமிர்ந்து உட்கார முடியுமா என்கிற பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. "தெரியலண்ணா" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மறுநாள் லைவுக்கு அவர் எழுந்து வரவில்லை. சின்ன முதலாளி பூவும் பொட்டும் வாங்கி வைத்திருந்தார். "அரைமணி நேரந்தாண்ணா, ஜனங்க கேக்குறாங்க. இந்தத் தடவ கொஞ்சம் பூ வெச்சிக்கினு நில்லுங்க" என்றார். பெரியண்ணன் கோபப்படவில்லை. "நான் புடவைய காட்டினேன் தம்பி. நீ என்னைய காட்டச் சொல்ற" என்று மட்டும் சொன்னார். நாடாவை ஆணியில் மாட்டிவிட்டு, பின்கட்டில் பார்சல் போடுகிற அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அவருக்கு அதுவே இடமாகிவிட்டது. கூரியர் கவருக்குள் புடவையை வைத்து, முகவரிச் சீட்டை ஒட்டி, டேப் போட்டு அடுக்குவார். மீசை மை நின்றுபோனது. வாடிக்கையாளர் குரல் கேட்டால் எட்டிப் பார்க்கக்கூட மாட்டார். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார், குழம்பு கொடுப்பார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

லைவ் நிற்கவில்லை. "நீ கட்டிக் காட்டு" என்று சின்ன முதலாளி என்னிடம் சொன்னார். நான் கட்டிக் காட்டினேன். சுடிதாருக்கு மேல் கட்ட எதுவும் இல்லாததால் ஆணியில் இருந்த நாடாவையே எடுத்துக் கட்டிக்கொண்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை. என்னைப் பார்த்து யாரும் அந்த மாதிரி சிரிக்கவில்லை. இதயம் அனுப்பினார்கள், "அக்கா செம" என்றார்கள். அந்தச் சுற்றை நான் அவரைப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தேன். அதே சுற்று என்மேல் அழகாகிவிட்டது. சம்பளம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "உன்ன பாத்தா நம்ம பிள்ளைங்களுக்கெல்லாம் தைரியம் வருது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவள் இன்று கடையின் முகமாக இருக்கிறேன் என்பது எங்கள் தெருவுக்குப் பெரிய விஷயம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு விடுமுறை நாளில் பெரியண்ணன் மனைவியோடும் மகளோடும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மெத்தையில் வாங்குகிறவர்கள் உட்காருகிற பக்கம் உட்கார்ந்தார். கை காலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சங்கடப்பட்டார். நான் லைவில் இருந்தேன். பாதியிலேயே வணக்கம் சொல்லி அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையை உருவி வைத்துவிட்டுப் போய்ப் புடவைகளை எடுத்துப் போட்டேன்.

கடையில் இப்போது ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் போய் நின்றால் நம் உருவம் தெரியும். கட்டாமலே புடவை அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். மகளை அங்கே அழைத்துப் போய் நிறுத்தினேன். சிவப்பு வந்தது, பச்சை வந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். பெரியவர்கள் இருவரும் மெத்தையில் வேறு ஒரு அடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரையைப் பார்த்தபடியே மெல்லப் பேசினாள்.

"அக்கா, அந்த வீடியோவ நான் அப்பவே பாத்துட்டேன். எங்க பஸ்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சிக்கினு இருந்தாங்க. எங்க அப்பாதான்னு சொன்னேன். அப்புறம் அந்த பஸ்ல யாரும் அத்த போடல. மாப்பிள்ள வீட்லயும் நானே சொல்லிட்டேன்."

"அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"எப்படி சொல்றது? நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தினமும் ஒரே பஸ்ஸில் கூட உட்கார வேண்டியவர்களிடம் அந்தச் சின்னப் பெண் வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். எனக்கு எங்கள் சபைக் குரூப்பில் "இவர் எங்கள் பெரியண்ணன்" என்று எழுத விரல் வரவில்லை.

அவள் மெத்தைக்குத் திரும்பி, ஒரு மாம்பழ நிறப் புடவையை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். "திரைல பாத்தா ஒண்ணும் தெரியலப்பா. நீ கட்டிக் காட்டுப்பா" என்றாள். கடையில் வேறு கூட்டமும் இருந்தது. பெரியண்ணன் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் மடியிலிருந்த புடவையோடு எழுந்தார். கை தானாகவே ஆணிப் பக்கம் போனது. ஆணி காலியாக இருந்தது. நாடா என் இடுப்பில் இருந்தது. முடிச்சு சட்டென்று அவிழவில்லை. எல்லோரும் பார்க்க, நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்துக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு அவர் ஸ்டாண்டில் இருந்த போனைக் காட்டினார்.

"அது அணைஞ்சிருக்குதாம்மா?"

"அணைச்சிட்டேண்ணா" என்று கறுப்பாக இருந்த போன் திரையைக் காட்டினேன். தலையாட்டினார். என்னை நம்பவில்லை என்று காட்டிக்கொள்ளாத நல்ல மனுஷன். ஆனால் ஸ்டாண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டுதான் நாடாவைக் கட்டினார். கொசுவம் மடிப்பதையும் முந்தானை போடுவதையும் மனைவியும் மகளும் முன்னால் இருந்து பார்த்தார்கள். எனக்கு அவர் முதுகும், பின்னால் விழுந்த முந்தானையும் மட்டும் தெரிந்தன. கடையில் யாரும் சிரிக்கவில்லை. பெருமூச்சு விடுகிற சத்தம் ஒன்று கேட்டது. யார் என்று தெரியவில்லை.

"சுத்திக் காட்டுப்பா" என்றாள் மகள்.

"இருக்கட்டும்மா. இந்தப் பக்கமே பாத்துக்கோ" என்றார்.

அவர் சுற்றவில்லை. அந்தப் புடவையையே எடுத்தார்கள். போகும்போது நாடாவை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஸ்டாண்டைத் தூக்கி வெளியே வைக்க எனக்கு அன்று ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

காலையில் லைவ் தொடங்கும்போது இப்போதும் அதே நாடாவைத்தான் கட்டிக்கொள்கிறேன். புதிதாக வாங்கலாம், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. வாங்கவில்லை. போனைப் பார்த்துச் சிரித்து, முந்தானையைப் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். பின்கட்டிலிருந்து டேப் இழுக்கிற சத்தம் வந்துகொண்டே இருக்கும். முடித்துவிட்டு நாடாவை ஆணியில் மாட்டும்போது, போன் அணைந்திருக்கிறதா என்று நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.